காணாததன் பெயர்

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகிற பஸ் முறிகண்டியில் நிற்காமல் போவது அபூர்வம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்து, ஒரு சரை வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால்தான் பயணம் பயணமாக இருக்கும். தேங்காய் எதற்கு? வழியில் ஒன்றும் நடக்கக் கூடாது என்பதற்கு. அந்த ‘ஒன்றும்’ என்ன என்பதை யாரும் விவரிப்பதில்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போது “போறன்” என்று சொன்னால், “அப்பிடிச் சொல்லாதை, வாறன் எண்டு சொல்லு” என்று அதட்டுகிற மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்கிற பயம்.

முறிகண்டியிலிருந்து மேற்கே அக்கராயன் பக்கமாகப் போய், பூநகரிப் பிரதேசத்துக்குள் இறங்கினால் ஜெயபுரம் வரும். ஜெயம் என்றால் வெற்றி, புரம் என்றால் ஊர். கிளிநொச்சி மாவட்டத்துக் குடியேற்றக் கிராமங்களின் பெயர்ப் பலகைகளை வரிசையாக வாசித்தால் வாழ்த்துமடல் வாசித்த மாதிரி இருக்கும்: ஆனந்தபுரம், தர்மபுரம், உதயநகர், திருநகர், பொன்னகர். காட்டை வெட்டி, கிணறு தோண்டி, காய்ச்சலோடும் யானையோடும் மல்லுக்கட்டியவர்கள் ஊருக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதை நம் இலக்கணக்காரர் மங்கல வழக்கு என்பார்கள். நஞ்சுள்ள பாம்பு நமக்கு ‘நல்ல பாம்பு’. இரவில் அதுவும் கிடையாது, வெறும் ‘பூச்சி’தான். கெட்டதைக் கெட்ட பெயரால் கூப்பிடாதிருப்பது ஒரு காவல்.

காவல் எப்போதும் காப்பதில்லை. 2008இன் பிற்பகுதியில் போர்முனை ஜெயபுரத்தின் மேலாக நகர்ந்து போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், புதுக்குடியிருப்பை அடுத்த இன்னோர் ஆனந்தபுரத்தில், இறுதிப் போரின் மிகக் கடுமையான சண்டைகளில் ஒன்று நடந்தது. சனங்கள் திரும்பி வந்தபோது வன்னியின் வீதியோரங்களில் ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் வேறு பலகைகள் நின்றன. சிவப்புப் பின்னணி, மண்டையோடு, ஒரே ஒரு சொல்: மிதிவெடி.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வகைப் பலகைகளுக்கும் நடுவே கிடக்கிற சொற்களைப் பற்றியது. கெட்டது நடந்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம்? அந்தப் பெயர் அடுத்து நம்மை என்ன செய்ய வைக்கிறது?

கெட்ட காணாதது

‘துரதிர்ஷ்டம்’ என்ற சொல்லை வாயில் போட்டு மென்று பாருங்கள். திருஷ்டி என்றால் பார்வை. திருஷ்டம் என்றால் காணப்பட்டது. முன்னால் ஓர் ‘அ’ சேர்த்தால் அதிருஷ்டம், அதாவது காணப்படாதது. ‘துர்’ என்றால் கெட்ட. ஆக, துரதிர்ஷ்டம் என்பதற்கு நேர்ப்பொருள் ‘கெட்ட காணாதது’. வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லில் சோகமும் இல்லை, சாபமும் இல்லை. காரணம் கண்ணில் படவில்லை என்ற ஒப்புதல் மட்டுமே இருக்கிறது. லொத்தரை நாம் அதிர்ஷ்டலாபச் சீட்டு என்கிறோம். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் ‘காணாத இலாபத்துக்கான சீட்டு’. அதைவிட நேர்மையான விளம்பரம் வேறு இல்லை.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய உத்தியோகமும் உண்டு. கணாதர் பெயரில் வழங்கும் வைசேஷிக சூத்திரம் உலகத்துப் பொருள்கள் ஏன் அசைகின்றன என்று ஆராய்கிற நூல். கல்லை எறிந்தால் கை காரணம். பழம் விழுந்தால் பாரம் காரணம். ஆனால் ஊசி காந்தத்தை நோக்கித் தானாக நகர்கிறதே, அது ஏன்? வேரில் ஊற்றிய தண்ணீர் மர உச்சிக்கு ஏறுகிறதே, அது எப்படி? நெருப்பு ஏன் மேல்நோக்கி எரிகிறது? இவற்றுக்கெல்லாம் அந்நூல் தருகிற விடை ஒன்றுதான்: அதிருஷ்டம்.

நம் காலத்து வாசகருக்கு இது விடையைத் தட்டிக்கழிப்பது போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்த காரணங்களை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, தெரியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் ‘இன்னும் காணவில்லை’ என்று எழுதி வைத்தது போலத்தான் இது. பிறகு வந்தவர்கள் அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மரத்தில் நீர் ஏறுவதற்கு இலைகளிலிருந்து ஆவியாகும் நீர் கீழிருக்கும் நீரை இழையாக இழுப்பதே காரணம் என்று 1894இல் டிக்சனும் ஜோலியும் விளக்கினார்கள். காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை 1831இல் மைக்கேல் ஃபாரடே துலக்கினார். காந்தம் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. இந்தக் காந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது வன்னிப் பக்கம் திரும்ப வரும்.

எல்லாம் விழுகின்றன

துன்பத்துக்கான சொற்களைக் குடைந்தால் உள்ளே ஏதாவது ஓர் அசைவு தென்படும். ஆபத்து, விபத்து, சம்பத்து என்ற மூன்றும் ‘பத்’ என்ற ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. அந்த வேருக்கு விழுதல், போய்ச் சேர்தல் என்று பொருள். மேலே வந்து விழுந்தால் ஆபத்து, சிதறி விழுந்தால் விபத்து, சேர்ந்து விழுந்தால் சம்பத்து. செல்வமும் கேடும் ஒரே கூரையிலிருந்து விழுகின்றன. ஆங்கிலத்தின் ‘ஆக்சிடென்ட்’, ‘சான்ஸ்’ இரண்டும் விழுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரில் முளைத்தவை. தாயக்கட்டை உருண்டு விழுந்து நிற்கும் கணம் மனித மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

தமிழுக்கு இதற்கு வடமொழியும் வேண்டாம், இலத்தீனும் வேண்டாம். வன்னியில் ஒருவரைக் கதைக்க விட்டுக் கேளுங்கள். “அவருக்கு லொத்தர் விழுந்தது.” “அண்டைக்கு எங்கடை வளவுக்கை செல் விழுந்தது.” வினை ஒன்றுதான்.

ஈழத்துப் பேச்சில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று அந்தரம். “ஒரு அந்தரம் ஆபத்துக்கு உதவும்” என்று பெட்டிக்குள் நகையை வைப்போம், வளவுக்குள் ஒரு மாட்டை வளர்ப்போம். அந்தரம் என்பது இடைவெளி. நிலத்திலும் கால் இல்லை, மேலேயும் பிடி இல்லை. ஆபத்து விழுதல் என்றால் அந்தரம் தொங்குதல். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் இரவோடிரவாகக் கிளம்பி, பலர் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்து சேர்ந்த நிலையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மற்றது கரைச்சல். சிறிய தொல்லைகளுக்கான சொல். ஒரேயடியாக உடைக்காமல், உப்புக் கட்டியைப் போல ஆளைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்கிறது. கச்சேரியில் ஒரு கடிதத்துக்காக நாலு தரம் அலைவது கரைச்சல்.

பழந்தமிழ் இதை வேறு கோணத்தில் பார்த்தது. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழ். ஊழ் என்பதற்கு முறை, முதிர்தல் என்ற பொருள்கள் உண்டு. காய் பழுப்பதுபோல ஒன்று தன் முறைப்படி முதிர்ந்து வருவது. வள்ளுவர் அதை ஆகூழ், போகூழ் என்று இரண்டாகப் பிரித்தார். ஆக்குகிற ஊழ், போக்குகிற ஊழ். இங்கே எதுவும் மேலிருந்து விழுவதில்லை, உள்ளிருந்து கனிகிறது. அதே வள்ளுவர் 63ஆம் அதிகாரத்துக்கு இடுக்கண் அழியாமை என்று பெயரிட்டார். துன்பத்தில் இடுங்கிப் போகிற கண்தான் இடுக்கண் ஆனது என்று சிலர் விளக்குவர். கண் சுருங்கினால் பார்வை குறுகும். காணாதது பெருகும்.

சனியின் கணக்கு

காணாததைக் காண மனிதர் முதலில் பார்த்த இடம் வானம். ஆங்கிலத்தில் பேரழிவைக் குறிக்கும் ‘டிசாஸ்டர்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘கெட்ட நட்சத்திரம்’ என்று வரும். நமக்குச் சனி. சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் எடுக்கிறது. வானத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்தால் ஒரு ராசியில் அது ஏறத்தாழ 2½ ஆண்டு நிற்கும். நம் ராசிக்கு முந்திய ராசி, நம் ராசி, அடுத்த ராசி என்று மூன்றைக் கடக்க ஏழரை ஆண்டு. ஏழரைச் சனி வெறும் வகுத்தல் கணக்கு.

இன்னும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருக்கும். நாலாமிடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஏழாமிடத்துக் கண்டகச் சனி, எட்டாமிடத்து அட்டமத்துச் சனி ஆகியவற்றையும் சேர்த்தால் ஆறு ராசி. சந்திரன் ஒவ்வொரு ராசியிலும் இரண்டேகால் நாள் அளவு தங்குவதால் பிறப்புகள் பன்னிரண்டு ராசிக்கும் ஏறத்தாழச் சமமாகவே பிரிகின்றன. அப்படியானால் எந்தக் காலத்திலும் ஊரில் பாதிப் பேருக்குச் சனி ஏதோ ஒரு வகையில் சரியில்லை. பாதிப் பேருக்குப் பொருந்துகிற ஒரு விளக்கம் பொய்த்துப் போவது கடினம். கெட்டது நடந்தவரிடம் “சனி பிழை” என்றால் இரண்டில் ஒரு தரம் சரியாக இருக்கும். நல்லது நடந்தவரிடம் யாரும் கேட்பதில்லை.

2009இன் முதல் மாதங்களில் சனி சிம்ம ராசியில் நின்றது. கடகம், சிம்மம், கன்னி ராசிக்காரருக்கு ஏழரை. ஆனால் அந்த மாதங்களில் வன்னியில் வெட்டிய பதுங்குகுழிகளுக்குள் பன்னிரண்டு ராசிக்காரரும் ஒன்றாகத்தான் குந்தியிருந்தார்கள்.

சுளகில் பயறு

“பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்” என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பெரிய தாளில் பத்துக்குப் பத்தாக நூறு சதுரம் கீறி நிலத்தில் விரியுங்கள். நூறு பயறை எண்ணிச் சுளகில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தாள் முழுக்கப் பரவும்படி மேலிருந்து தூவுங்கள். வெளியே உருண்டதைத் திரும்பப் பொறுக்கித் தூவுங்கள். நூறு சதுரம், நூறு பயறு. ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டிருக்கும் என்று நினைப்போம்.

குனிந்து எண்ணினால் வேறு காட்சி. ஏறத்தாழ 37 சதுரங்கள் வெறுமையாகக் கிடக்கும். 37இல் ஒவ்வொரு பயறு. 18இல் இரண்டு. எட்டுச் சதுரங்களில் மூன்றோ அதற்கு மேலோ குவிந்திருக்கும். திரும்பத் திரும்பத் தூவினாலும் சதுரங்கள் மாறுமே தவிர, எண்ணிக்கை இதைச் சுற்றியே வரும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பொய்சான் பெயரால் வழங்கும் பரவல் இது. எங்கள் கணிதப் பாடப்புத்தகத்தில் ‘எழுமாறு’ என்று ஒரு சொல் உண்டு. எந்த ஒழுங்கும் பாராமல் எழுந்தபடி அமைவது. எழுமாறாக விழுவது ஒருபோதும் சமமாக விழாது. கொத்தாகத்தான் விழும். கொத்து விழுந்த சதுரத்தில் குடியிருப்பவருக்கு அது குறிபார்த்து வந்த மாதிரித்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது ஜேர்மனி வி-1 பறக்கும் குண்டுகளை ஏவியபோது, குறிப்பிட்ட சில பகுதிகளைத்தான் குறிவைக்கிறார்கள் என்று சனங்கள் உறுதியாக நம்பினார்கள். ஆர்.டி. கிளார்க் என்பவர் தென் இலண்டனின் 144 சதுர கிலோமீற்றரை 576 சம சதுரங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் எண்ணினார். 229 சதுரங்களில் ஒன்றுகூட இல்லை. 211இல் ஒன்று, 93இல் இரண்டு, 35இல் மூன்று, ஏழில் நான்கு, ஒன்றில் மட்டும் ஐந்துக்கு மேல். 1946இல் வெளியான இந்தக் கணக்கு பயற்றுக் கணக்கோடு அச்சொட்டாகப் பொருந்தியது. நகரின் மேல் ஏவியது மனிதன். எந்தத் தெரு என்பது எழுமாறு.

பழமொழியின் முதற்பாதிக்கு இது போதும். இரண்டாம் பாதிக்குப் போதாது. கெட்ட குடி ஏன் கெடும்? பயற்றுக்குக் கீழே இருப்பது தாள். மனிதருக்குக் கீழே இருப்பது கூரை, கடன், தண்ணீர், வீதி. 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மழை கொட்டியபோது எல்லா வீட்டின் மேலும் ஒரே மழைதான் பெய்தது. கல்வீட்டுக்காரர் வெள்ளம் வடியக் காத்திருந்தார்கள். தறப்பாள் கொட்டில்காரர் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் என்ற மூவர் 1976இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதாடியது: மழையும் நிலநடுக்கமும் இயற்கை, அதை அழிவாக்குவது மனிதர் வாழவிடப்பட்ட நிலை. ஒருமுறை விழுந்தவர் எழும்புவதற்குள் அடுத்தது வந்தால் அதற்குப் பொய்சான் பொறுப்பில்லை.

ஏன் எனக்கு?

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அடிபட்டவர் கேட்கிற கேள்வி வேறு. மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் 1937இல் மத்திய ஆபிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு தானியக் களஞ்சியம் வரும். மரக்கால்களில் நிற்கும் களஞ்சியம். வெயிலுக்கு ஒதுங்கி அதன் நிழலில் ஆட்கள் இருப்பார்கள். ஒருநாள் அது சரிந்து விழுந்துவிடும். கறையான் அரித்துத்தான் விழுந்தது என்பது அசாண்டேகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது, இந்த ஆட்கள் கீழே இருந்த அந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது என்பது. சூனியம் என்ற விடை அந்தக் கேள்விக்குத்தான். ‘எப்படி’ என்பதற்குக் கறையான், ‘ஏன் எனக்கு’ என்பதற்குச் சூனியம். வயற்காவலுக்குப் போட்ட அட்டாளை சரிந்தால் நாமும் இந்த இரண்டு கேள்விகளையும்தான் கேட்போம். இரண்டாவதற்கு நாம் வைத்திருக்கும் விடை தலையெழுத்து.

தலையில் உண்மையிலேயே எழுத்து மாதிரி ஒன்று இருக்கிறது. மண்டையோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் கிறுக்கல் கையெழுத்துப் போல நெளிநெளியான கோடுகள் ஓடும். பிரமன் எழுதியது என்று ஊரில் சொல்வது இதைத்தான். பிரசவப் பாதையில் குழந்தையின் தலை கொஞ்சம் ஒடுங்கி வெளியே வருவதற்கும், பிறகு மூளை வளர இடம் விடுவதற்கும் உடல் விட்டு வைத்த பொருத்துகள் அவை. குழந்தையின் உச்சியில் துடிக்கும் மெதுமெதுப்பான உச்சிக்குழியும் அதன் பகுதியே. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். விதி எழுதப்பட்ட இடம் என்று நாம் காட்டுகிற கோடுகள், உண்மையில் வளர்வதற்கு விட்ட இடைவெளிகள்.

‘ஏன் எனக்கு’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காதபோது பார்த்துக்கொண்டிருப்பவர் மனம் ஒரு குறுக்கு வழி எடுக்கிறது. உளவியலாளர் மெல்வின் லேர்னர் 1966இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவது போன்ற காட்சியைப் பலருக்குக் காட்டினார். அதிர்ச்சி வெறும் நடிப்பு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது. துன்பத்தை நிறுத்த வழியிருந்தவர்கள் அதை நிறுத்தினார்கள். வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெண்ணை மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது என்று நம்ப விரும்பும் மனம், நியாயமற்ற துன்பத்தைக் கண்டால் துன்பப்படுகிறவரில் குறை தேடுகிறது.

நம்மிடம் இதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. ‘ராசியில்லாதவள்’ என்ற ஒரு சொல் போதும். போரில் கணவனை இழந்தவள் கலியாண வீட்டில் முன்வரிசைக்கு வரத் தயங்குவாள். முழுவியளம் பார்த்து வெளிக்கிடுகிறவர் அவள் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். துரதிர்ஷ்டம் என்பது காணாதது. ஆனால் அதற்கு ஓர் உருவம் வேண்டும் என்று தோன்றும்போது கிடைத்த ஆளின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம்.

கெட்ட காற்றும் வன்னிக் காய்ச்சலும்

ஊருக்கே ராசியில்லை என்று பெயர் எடுத்த காலமும் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரி ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலில் காய்ச்சலும் பறங்கி வியாதியும் பெரும் இடம் பிடித்திருக்கின்றன. குளங்கள் தூர்ந்து, ஊர்கள் காடாகி, இருந்த கொஞ்சப் பேரும் நடுங்கிக்கொண்டு கிடந்த பூமி. ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லுக்குக் ‘கெட்ட காற்று’ என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றைப் பிடித்தால் காய்ச்சல் வரும் என்று ஐரோப்பா நம்பியது. காணாததற்கு வைத்த இன்னொரு பெயர்.

1897 ஆகஸ்ட் 20ஆம் திகதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் ஒரு நுளம்பின் வயிற்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது மலேரியாக் கிருமியின் உருண்டைகளைக் கண்டார். காணாதது காணப்பட்டுவிட்டது. அதன்பின் நடந்தது நேர்க்கோட்டுக் கதையல்ல. மருந்து விசிறி விசிறி 1963இல் இலங்கை முழுவதுக்கும் 17 நோயாளிகள் என்ற அளவுக்கு மலேரியா இறங்கியது. கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் திரும்பப் பிடித்தது. மறுபடி ஆண்டுக்கணக்கில் இரத்தப் பரிசோதனை, நுளம்பு ஒழிப்பு. இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று வன்னியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் அது இந்த மண்ணின் விதி என்று சொல்வதில்லை.

காணாமல்

‘விதி’ என்ற சொல்லைப் பாருங்கள். நியூட்டனின் விதி, வீதி விதி, தலைவிதி எல்லாவற்றுக்கும் ஒரே சொல். முதலாவதை ஆராய்கிறோம், இரண்டாவதை மீறினால் தண்டம் கட்டுகிறோம், மூன்றாவதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறோம். அரசாங்கத்தின் சொல் இன்னொன்று: அனர்த்தம். 2004 டிசம்பர் சுனாமி முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனதற்கு அடுத்த ஆண்டு, 2005இன் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அனர்த்த முகாமைத்துவம் நாட்டில் நிறுவன வடிவம் பெற்றது. அர்த்தம் என்றால் பொருள், அனர்த்தம் என்றால் பொருளற்றது. சுனாமிக்கு அந்தப் பெயர் பொருந்தும். கடல் யாரையும் தெரிந்து எடுப்பதில்லை.

எல்லா இழப்புக்கும் அது பொருந்துமா? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கையில் பிள்ளைகளின் படங்கள். முந்திய ஆண்டு நிறைவேறிய சட்டத்தின்படி அமைவதற்கிருந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் ‘காணாமற்போன’ என்று இருந்தது. தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். மாடு காணாமல் போகும், குடை காணாமல் போகும். ‘போன’ என்றால் தானாக நடந்தது. ‘ஆக்கப்பட்ட’ என்றால் ஆக்கியவர் ஒருவர் உண்டு, அவர் யார் என்று சொல்லவேண்டிய பொறுப்பும் உண்டு. படிப்பாளிகள் துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் இடையே எங்கே கோடு கீறுவது என்று நூல்கள் எழுதுகிறார்கள். அந்தத் தாய்மார் ஒரு வினைச்சொல்லை மாற்றி அந்தக் கோட்டைக் கீறினார்கள்.

துன்பத்தின் சொற்களில் இத்தனை ‘காண்’ என்ற வினையைச் சுற்றி வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. அதிருஷ்டம், திருஷ்டி, இடுக்கண், காணாமல். காணாதது மூன்று விதம் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று, பயறு மாதிரி: யாரும் குறிவைக்காதது, கணக்கால் மட்டும் விளங்குவது. இரண்டு, மலேரியா மாதிரி: இன்னும் நுணுக்குக்காட்டி வைக்காதது. மூன்று, காட்ட மறுக்கப்படுவது. மூன்றையும் ‘துரதிர்ஷ்டம்’ என்ற ஒரே சாக்கில் கட்டினால் மூன்றாவதுக்குத்தான் வசதி.

காந்தம் திரும்பி வருகிறது

மிதிவெடியில் மூன்றும் கலந்திருக்கிறது. யாரோ ஒருவர் கையால் புதைத்தது. மண் மூடி மறைத்தது. யாருடைய கால் என்பது எழுமாறு. வன்னியில் புதைந்தவற்றில் பல உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வட்டுகள். உலோகம் என்று உள்ளே இருப்பது சிறு ஊசி அளவுதான். பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த முகமாலை உலகின் மிக அடர்ந்த மிதிவெடி நிலங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது. போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் அங்கே முழந்தாளிட்டு வேலை செய்கிறார்கள்.

வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களில் போரில் துணையை இழந்தவர்கள் பலர். முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடிக் கவசம், உடம்பில் பாரமான மேலங்கி, வெயில். ஒரு மீற்றர் அகலப் பாதை. முன்னால் ஒரு குறுக்குத் தடி கிடக்கும். தடிக்கு அப்பால் காணாதது, இப்பால் கண்டது. முதலில் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்கள். பிறகு உலோகம் காட்டும் கருவியை மண்ணுக்கு மேலே மெல்ல ஆட்டுவார்கள். கருவியின் சுருளில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்பும். அந்தப் புலம் உள்ளே கிடக்கும் ஊசியில் சின்னஞ்சிறு மின்சுழிகளை எழுப்பும். சுழிகள் தங்கள் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். காதில் ஒரு கீச்சொலி. ஊசியைக் காந்தம் அறிகிறது. கணாதரின் நூல் அதிருஷ்டம் என்று எழுதி வைத்த உறவின் இன்னொரு முகம்.

கையில் எடுத்துப் போகத்தக்க மிதிவெடி காட்டும் கருவியை 1941இல் உருவாக்கியவர் யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து இராணுவ அதிகாரி. நாடு பறிபோய் பிரிட்டனில் தஞ்சம் புகுந்திருந்தவர், எங்கள் பேச்சில் சொன்னால் ஓர் இடம்பெயர்ந்தவர். கருவி பிடிக்க முடியாத அளவுக்கு உலோகம் குறைந்த வெடிகளுக்கு இலங்கையில் பல் வைத்த நீண்ட வாரிகளைப் பயன்படுத்துகிறார்கள். மண்ணைப் பக்கவாட்டில் இளக்கி, தன்னை நோக்கி மெதுவாக வாரி, தெரிவதைப் பார்ப்பது. வீட்டு முற்றம் கூட்டுகிற அசைவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஒருநாள் வேலையில் முன்னேறும் நிலம் ஒரு குசினி அளவுகூட வராது. ஆனால் தடி முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. வெடி முழுவதையும் அகற்றுவது இப்போது நாட்டின் கடமையும்கூட.

ஊர் ராசியில்லாதவள் என்று ஒதுக்கியவள் ஊரின் கெட்ட காணாததை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். அவள் முன்னால் வந்தால் சகுனப் பிழை என்று திரும்பிப் போனவர், அவள் முன்னால் போய் முடித்த பாதையில்தான் இப்போது வயலுக்குப் போகிறார்.

துப்புரவான காணியில் மண்டையோட்டுப் பலகையைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக வேறு பலகை நடுவதில்லை. அடுத்த போகத்தில் யாராவது அங்கே கச்சான் போடக்கூடும். கச்சானும் வேடிக்கையான பயிர். பூ மேலே பூக்கும், காய் நிலத்துக்குள் இறங்கி முற்றும். அறுவடை நாளில் செடியைப் பிடித்து இழுக்கிறவருக்கு எத்தனை காய் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பிடுங்கி, மண்ணை உதறி, எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு அது வறுபட்டு, சரையில் கட்டி, முறிகண்டியில் பஸ் யன்னலுக்கு நீட்டப்படும். தேங்காய் அடித்துவிட்டு ஏறுகிறவர் அதை வாங்கிக் கோதை உடைப்பார்.